முன் வீட்டு மோடம்

ஒரு மோடத்துக்காகக் கூடப்பிறந்தவளோடு மனம் முறிந்துபோனது என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை. காணிக்கும் நகைக்கும் பிரிந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்காவது வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணம் இருக்கிறது. எனக்கு வாய்த்தது, மூலையில் பச்சை விளக்கு எரியும் ஒரு வெள்ளைப் பெட்டி.

கல்முனையில் கடலுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவில் எங்கள் வளவு இருக்கிறது. அதில் இரண்டு வீடுகள். முன்னால் இருப்பது உம்மாவின் வீடு. பின்னால் இருப்பது என் கலியாணத்துக்காக வாப்பா கட்டத் தொடங்கியது. எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மகள்களைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கட்டியே ஓய்ந்துபோவார்கள். என் வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கூரை போட இருந்த நேரத்தில் வாப்பா மவுத்தாகிவிட்டார். வேலை அப்படியே நின்றுவிட்டது. கலியாணம் முடித்தும் ஒன்பது வருஷம் நான் உம்மாவின் வீட்டிலேயே இருந்தேன்.

முன் வீடு தங்கச்சிக்குத்தான் என்பது அவள் பிறந்த நாளிலிருந்தே முடிவான விஷயம். அதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால், பிறகு உம்மா சொந்தக்காரரிடம் சொல்லித் திரிந்தது மூத்தவளுக்கு வீட்டின் மேல் கண் என்றுதான்.

என் கணவர் கட்டாரில் இருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்குக் கட்டட வரைபடம் கீறுகிறேன். அங்கே பழைய கட்டடங்களைத் திருத்திக் கட்டுமுன் லேசரால் மூலை முடுக்கெல்லாம் அளப்பார்கள். அந்த அளவுகள் கோடிக்கணக்கான புள்ளிகளாக எனக்கு வரும். நான் அவற்றைச் சுவராகவும் படியாகவும் யன்னலாகவும் கணினியில் எழுப்பிக் கொடுக்க வேண்டும். நான் ஒரு நாளும் போகாத ஊர்களின் மலசலகூடம் வரைக்கும் எனக்கு மனப்பாடம். எட்டு வருஷமாக இந்த வேலைதான். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு படித்த பெண்களில் படித்த படிப்பை இன்னும் கையில் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

வேலைக்கு இருந்த ஒரே தொல்லை லைன். பைபர் இணைப்புத்தான், ஆனால் ஆகக் குறைந்த வேகப் பொதி. கோப்பு ஒன்றை விடியலில் ஸுபஹுத் தொழுதுவிட்டு இறக்கவைத்தால் பகல் லுஹர் நேரத்துக்கு வந்து சேரும். நான் செய்ததை ஏற்றி அனுப்ப மாலை அஸரைத் தாண்டிவிடும். நடுவில் யாராவது நாடகம் பார்க்கத் தொடங்கினால் அதுவும் அறுந்துபோகும். அப்போது நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து வீட்டில் எல்லோரும் கைபேசியை ஒளித்துக்கொள்வார்கள். என் வாய் அப்படி. மறைக்கவில்லை.

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை அலுவலகத்து மேலாளர் எழுதியிருந்தார். இனிமேல் கோப்புகளை அனுப்பி வாங்கும் வேலை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டடத்துக்குள் நின்று வேலை செய்ய வேண்டும், அவர்களுடைய சேர்வரில், நேரடியாக. வெளியில் இருப்பவர்களின் லைனை அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். சோதனையில் தேறாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: நீங்கள் தேறினால் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் முழுவதையும் உங்கள் பொறுப்பில் விட யோசித்திருக்கிறோம்.

அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. எட்டு வருஷமாக மற்றவர்கள் தலைமையில் படியும் யன்னலும் கீறியவளுக்கு ஓர் ஆஸ்பத்திரி. ஏழு மாடி.

அன்றைக்கே உம்மாவிடம் சொன்னேன். எங்கள் தெருவுக்கு அப்போதுதான் ஒரு கிகா வேகத்தைத் தாண்டிய பெரிய பொதி வந்திருந்தது. அதற்கு மாற வேண்டும், பழைய மோடத்தால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது, புதியது வாங்க வேண்டும், காசு நான் போடுகிறேன் என்றேன். உம்மா மின்குமிழ் ஒன்று மாற்றுவதென்றாலும் பத்துக் கேள்வி கேட்பவர். அன்றைக்கு ஒரு கேள்வியும் இல்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். தங்கச்சி உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“போடு மகள். நல்லதாப் பார்த்துப் போடு,” என்றார் உம்மா.

என் வேலையை உம்மா மதிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

தங்கச்சி அதைவிட ஒரு படி மேலே போனாள். கலைப் பட்டதாரி. வைஃபை போய்விட்டால் “ராத்தா, இது வருகுதில்ல” என்று கைபேசியை என் மடியில் போட்டுவிட்டுப் போகிறவள். அவள் இரண்டு நாளில் ஒரு பட்டியலோடு வந்தாள்.

“ராத்தா, கிடைச்ச மோடத்த எடுக்காதீங்க. பின்னால ரெண்டரைக் கிகா போர்ட் இரிக்கணும். இல்லாட்டி எவ்வளவு பெரிய பொதி போட்டாலும் ஒரு கிகாவுக்கு மேல கணினிக்கு வராது. பழைய வயரும் சரிவராது. இதில எழுதியிரிக்கன், இந்த வகைதான் வேணும்.”

“இதெல்லாம் உனக்கு ஆர் சொல்லித் தந்த?”

“தேடிப் பார்த்தன்.”

அவள் எனக்காகத் தேடியிருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுதிக் கொடுத்தது அத்தனையும் சரி. என் கணினியின் நெட்வேர்க் கார்டும் மாற்ற வேண்டும் என்று மட்டும் அவள் எழுதவில்லை. அதை நான்தான் பிறகு கண்டுபிடித்தேன். ஏன் எழுதவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.

இதற்கிடையில் என் பின் வீட்டு வேலை முடியும் நிலைக்கு வந்திருந்தது. கூரை போட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, வயரிங் மட்டும் பாக்கி. பேசி முடித்திருந்த தங்கச்சியின் கலியாணத்தோடு நான் அங்கே போய்விட வேண்டும். ஆகவே புது மோடத்தை நேரே பின் வீட்டில் போட்டுவிடலாமே என்று கேட்டேன். உம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“கரண்ட் இல்லாத வீட்டில எப்படி மகள் போடுற? உன்ட ஒப்பீஸ் கேட்டிரிக்கிறது இந்த மாசம். இப்ப இஞ்ச போடு. நீ போகக்குள்ள மாத்திக்குவம்.”

நியாயமாகத்தான் இருந்தது. மின்கட்டணப் பட்டியல் உம்மாவின் பேரில் இருந்ததால் இணைப்பும் உம்மாவின் பேரிலேயே இருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, பட்டியல்களும் பெண்ணின் பேரில்தான். அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மோடத்திலிருந்து என் வேலை அறை வரைக்கும் புது வயர் இழுக்க வேண்டும். சுவரோரமாகக் கிளிப் அடித்து விட்டுவிடலாம், போகும்போது கழற்றிக்கொள்ள வசதி என்றேன். உம்மா மேசனையே கூப்பிட்டுவிட்டார். சுவரை வெட்டி, குழாய் வைத்து, வயரை உள்ளே பதித்து, பூசி, அதே நிறத்தில் பெயின்ட் அடித்து, மோடத்தையும் சுவரில் இறுக்கி முடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இங்கேதான் என் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்: மகளுக்கு வீடு கொடுக்கும்போது சுவரில் பதித்ததும் இறுக்கியதும் வீட்டோடு போகும். கழற்றி எடுக்கக்கூடியது, வாங்கியவருக்கு. கலியாணம் நெருங்கிய வீடுகளில் மூத்த பெண்கள் மின்விசிறியைக்கூட முந்தின கிழமையே கழற்றிக்கொண்டு போவார்கள். நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். மேசனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, என் லைன் சுவருக்குள் போவதை நின்று பார்த்திருக்கிறேன். வேற்றாள் வீடென்றால் எனக்கு விளங்கியிருக்கும். இது உம்மாவின் வீடு.

இணைப்புக்காரர் வந்தார். கல்முனைக்காரர்தான், தமிழர், என் வயது இருக்கும். கம்பத்தில் ஏறி இறங்கி, சுவரிலிருந்த புது மோடத்தில் லைனைக் கொளுவி, வேகத்தைச் சோதித்தார். திரையில் முள் ஓடிப்போய் நின்ற இடத்தைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அரை நாள் எடுத்த கோப்பு, அவர் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் வந்து இறங்கியது.

“அக்கா, இந்த இடத்தக் கவனமா வச்சிக்கொள்ளுங்க,” என்றார் அவர். “உங்கட கம்பத்துப் பெட்டி நிரம்பிட்டு. புதுசா ஆரும் கேட்டா இனிக் குடுக்க இடமில்ல.”

தங்கச்சி அந்தத் திரையைத் தன் கைபேசியில் படம் பிடித்தாள். மோடத்தையும் பிடித்தாள். என் சந்தோஷத்தைப் படம் பிடிக்கிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் நின்றேன். “கொஞ்சம் அங்கால நில்லுங்க ராத்தா, போர்ட் மறைக்குது,” என்றாள்.

சோதனையில் தேறினேன். ஆஸ்பத்திரி எனக்குக் கிடைத்தது.

இரண்டு மாதம் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? காலையில் கணினியைத் திறந்தால் ஏழு மாடியும் ஒரே விரிப்பில் எனக்கு முன்னால் நிற்கும். நான் ஒரு சுவரை நகர்த்தினால் உலகத்தின் மறுபக்கத்தில் ஒருவர் அதைக் கண்டு “சரி” என்பார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் கதவு வைப்பார்கள். கட்டாரிலிருந்து கணவர் கோல் எடுத்தால் “டொக்டர், வாட்டிலயா இரிக்கிறீங்க?” என்று பகிடி பண்ணுவார். எனக்கு உடம்பில் ஒரு புது மிடுக்கு வந்திருந்தது. குசினியில் நின்றாலும் மூன்றாம் மாடிப் படிக்கட்டுத்தான் மனதில் ஓடும்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். தங்கச்சிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சம்மாந்துறை. நல்ல பிள்ளை, மென்பொருள் வேலை, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்கிறார் என்று சொன்னார்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். கலியாணப் பேச்சில் நான் உட்காரவில்லை. அன்றைக்கெல்லாம் எனக்குக் கோப்பு இறக்கும் அவசரம்.

ஒரு வான் நிறையப் பெண்கள். அபாயாக்களின் அத்தர் மணம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. வட்டிலப்பமும் வாழைப்பழமும் பரப்பி, நான் தேத்தண்ணித் தட்டோடு அறைக்கு அறை திரிந்தேன். அவர்கள் அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், தண்ணிக் குழாயைத் திருகிப் பார்த்தார்கள். வழக்கம்தான். பிறகு மாப்பிள்ளையின் உம்மா என் வேலை அறையை எட்டிப் பார்த்துவிட்டு, கூடத்துச் சுவரில் இருந்த மோடத்துக்கு முன்னால் நின்றார். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதான மகள் அந்தப் பெட்டி? மகன் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். முந்தி வந்த படத்தில பின்பக்கத்து ஓட்டையெல்லாம் வடிவாத் தெரியல்லையாம்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் கைபேசியை மோடத்துக்குப் பின்னால் நுழைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்தார். பிறகு என் தோளில் தட்டினார்.

“பேசின மாதிரியே போட்டுத் தந்திட்டீங்க. உங்கட உம்மா சொன்ன சொல்லுத் தவறாத மனிசி.”

“எப்ப பேசின மாமி?”

“பேச்சு முடிச்ச அண்டே. நோம்புக்கு முந்தி. மகன் காசும் கேக்கல்ல, காணியும் கேக்கல்ல. வேகமான லைன் ஒண்டு மட்டும் வேணுமெண்டான். அவன்ட ஒப்பீஸே இந்த அறைதானே இனி.”

நோன்புக்கு முன். என் அலுவலகத்துக் கடிதம் வந்தது பெருநாளுக்குப் பிறகு. நான் கேட்பதற்கு முன்பே என் மோடத்தைக் கொடுத்து முடித்திருக்கிறார்கள். யார் அதை வாங்குவது என்பதுதான் பாக்கியாக இருந்திருக்கிறது. நானாகப் போய் அகப்பட்டேன்.

தட்டைக் கீழே போடவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போதுமா என்றும் கேட்டேன். தங்கச்சி குனிந்த தலையோடு வாழைப்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை எவ்வளவு நேரம்தான் அடுக்குவாள்?

வான் போனதும் குசினிக்குள் போனேன். உம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ட லைனையா உம்மா குடுத்தீங்க?”

“சத்தத்தக் குறை. ஆரும் உன்ட ஒண்டையும் எடுக்கல்ல. வீட்டோட சேர்ந்தது வீட்டோட கிடக்கட்டும்.”

“என்ட வேலை?”

“மாப்பிள்ளை வீட்டில இருந்து உழைக்கப்போற மனிசன். லைன் இல்லாட்டி அவர் என்னத்தச் செய்வார்?”

“நான் என்னத்தச் செய்வன்?”

உம்மா கோப்பையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை.

“உனக்கென்ன மகள்? மருமகன் கட்டாரால மாசாமாசம் அனுப்புறார். நீ சும்மா இரிக்கேலாமக் கீறுறாய். பின் வீட்டுக்கு ஒரு வயர இழுத்தாப் போச்சு.”

சும்மா இருக்க முடியாமல் கீறுகிறேனாம். எட்டு வருஷம். வாப்பா இறந்த பிறகு இந்த வீட்டுக் கூரை ஒழுகியபோது மாற்றியது எந்தக் கீறலால் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

தங்கச்சி கதவோரம் நின்றாள். அவளிடம் கேட்டேன்.

“உனக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“எப்பயிருந்து?”

“முதல்லயிருந்தே.”

“அப்ப அந்தப் பட்டியல்?”

“அவர்தான் அனுப்பினது.”

“ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருக்கலாமே புள்ள?”

அவள் அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“சொன்னா நீங்க போட்டிருக்க மாட்டீங்களே ராத்தா.”

உம்மாவை விடுங்கள். உம்மாவுக்கு ஓர் ஆண் செய்வதுதான் வேலை, பெண் செய்வது பொழுதுபோக்கு. அந்தக் காலத்து மனிசி. இவள் அப்படியில்லை. ஆஸ்பத்திரி கிடைத்த அன்று என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினவள். என் கடிதத்தின் கடைசி வரி அவளுக்கும் மனப்பாடம். எல்லாம் தெரிந்துகொண்டு, கொக்கியை என் கையிலேயே கொடுத்து மாட்டிக்கொள்ள வைத்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவள் மேல் வந்தது கோபம் இல்லை. அருவருப்பு. கூடப்பிறந்தவள் மேல் அப்படி வரும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அடுத்த நாள் டவுனுக்குப் போய் இடம் மாற்றும் படிவம் வாங்கிவந்தேன். இணைப்புக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரே வளவுதானே, இணைப்பைப் பின் வீட்டுக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் பேருக்குரியவர் ஒப்பமிட வேண்டும் என்றார். புதிய இணைப்பு கேட்டால்? கம்பத்துப் பெட்டியைப் பெரிதாக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அது எப்போது என்று அவருக்கும் தெரியாது. கைபேசிச் சிக்னலைப் பிடித்துப் பார்த்தேன். அலுவலகச் சோதனையில் பாதியைக்கூட அது தொடவில்லை.

ஆக, என் ஏழு மாடியும் உம்மாவின் ஓர் ஒப்பத்தில் நின்றது. படிவத்தை உம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார். “கலியாணம் முடியட்டும்” என்றார்.

நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் கலியாணம் குழம்பியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, அந்த லைன் என்னுடையது, உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். எண்ணும் என் கைபேசியில் இருந்தது. கணவரிடம் கேட்டேன். “தங்கச்சிட வாழ்க்கை. உங்களுக்கு மனசு வந்தாச் செய்ங்க,” என்றார். எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு என் மேல் அந்த நம்பிக்கை இருந்தது என்று இப்போது தெரிகிறது. ராத்தா கத்துவாள், ஆனால் கெடுக்கமாட்டாள். என் நல்ல குணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கலியாணம் நடந்தது. நான் பின் வீட்டுக்கு வந்தேன். படிவத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் உம்மா அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அவருக்குச் சொன்னது வீட்டு லைன் என்றுதான். வந்த கிழமையே தானாக வயர் வாங்கி, முன் வீட்டு யன்னலால் எடுத்து, குழாய்க்குள் விட்டு என் அறை வரைக்கும் இழுத்துத் தந்தார். “மதினி, உங்கட வேலைக்கு இது காணும்,” என்றார். வேகம் கொஞ்சமும் குறையவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரி ஆறாம் மாடி வரைக்கும் எழும்பியது. தங்கச்சி மீன்குழம்பு கொண்டுவந்து தருவாள். நான் வாங்கிக்கொள்வேன். நாங்கள் மோடத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. இப்படியே ஓடிவிடும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு மாடியையும் காட்ட வேண்டிய கூட்டம். மேலாளர், பொறியியலாளர்கள், ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர்கள், எல்லோரும் திரையில். நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு கதைக்கத் தொடங்கினேன். இரண்டாம் மாடியில் சத்திரசிகிச்சைக் கூடத்துக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன், படம் நின்றுவிட்டது. முகங்கள் நின்றுவிட்டன. “மீண்டும் இணைகிறது” என்ற எழுத்து மட்டும் வந்தது.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். முன் வீட்டு யன்னலில் தங்கச்சி நின்று, குழாயிலிருந்து வெளியே வந்த வயரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். முழம் முழமாக, பொறுமையாக.

ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. அவள் கதவடிக்கு வந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா, ராத்தா. அவர் மீட்டிங்கில இரிக்கார்.”

“நானும் மீட்டிங்கிலதான் நிண்டன். என்ன செஞ்ச நீ?”

“அவர்ட ஒப்பீஸால சோதிச்சிரிக்காங்க. இந்த லைன்ல வேற மிசின் ஒண்டும் இரிக்கப்படாதாம், பாதுகாப்புக்காம். ராத்தாக்கிட்டச் சொல்லிட்டுக் கழட்டெண்டுதான் அவர் சொன்னார்.”

“சொன்னியா?”

“சொன்னா நீங்க விடமாட்டீங்க.”

இரண்டாம் தரம். அதே பதில், அதே முகம். உள்ளே என் பழைய அறையிலிருந்து மாப்பிள்ளையின் ஆங்கிலம் தெளிவாகக் கேட்டது, ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

“அரை மணித்தியாலம் போடு. முடிச்சிட்டுக் கழட்டித் தாறன்,” என்று கெஞ்சினேன். நான், தங்கச்சியிடம், கெஞ்சினேன்.

“உங்கடதப் பிறகு செய்யலாம்தானே ராத்தா,” என்றாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கைபேசியால் மேலாளருக்கு மன்னிப்பு எழுதினேன். ஒரு கிழமை பொறுத்தார்கள். அந்த ஏழு நாளும் இணைப்புக்காரரைப் போட்டுத் தொல்லைப்படுத்தினேன். பாவம், தன் மேலதிகாரிகளிடம் எனக்காகக் கதைத்தார். நடக்கவில்லை. பிறகு அலுவலகத்திலிருந்து மரியாதையான கடிதம் ஒன்று வந்தது: உங்கள் திறமையில் எங்களுக்குக் குறையில்லை, கட்டடத்தை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறோம், லைன் சரியானால் எழுதுங்கள். லைன் சரியாகி நான் எழுதும் வரைக்கும் அவர்கள் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழாம் மாடியை நான் தொடவே இல்லை.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் இணைப்புக்காரரை டவுனில் கண்டேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அக்கா, அந்த ஆஸ்பத்திரி வேலை என்னாச்சி?” என்று கேட்டார். போய்விட்டது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் டிப்போவுக்கு முன்னால் நின்று அழ வெட்கமாக இருந்தது, அதனால் அவசரமாக ஓட்டோவில் ஏறிவிட்டேன்.

முன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு முப்பது அடி தூரம். உம்மா தினமும் வருவார், தங்கச்சி தினமும் வருவாள். கணினிக்கு மேல் துணி போட்டு மூடியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெற்றிலை மடிப்பார் உம்மா. என் வேலை என்னானது என்று இருவரும் இன்று வரைக்கும் கேட்கவில்லை. நானாகச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். ஒருவர் கேட்கட்டும் பார்ப்போம் என்று முதலில் வீம்புக்காகத்தான் இருந்தேன். பிறகு அது வீம்பில்லாமல் போய்விட்டது. அவர்கள் மறைக்கவில்லை, உண்மையாகவே கவனிக்கவில்லை என்பது மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது.

போன வெள்ளிக்கிழமை உம்மா பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். துடைத்த நிலம், மடித்த உடுப்பு, நேரத்துக்கு ஆக்கிய கறி.

“இப்பதான் மகள் உன்ட முகத்தில ஒரு தெளிவு இரிக்கி,” என்றார். “முந்தியெல்லாம் எந்த நேரமும் அவதிதான். அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் உனக்கு ஒரு ஓய்வத் தந்திட்டான்.”

“ஓம் உம்மா” என்றேன். இன்னும் கொஞ்சம் கறி போட்டேன்.